இல்லண்ணே, நடந்துதான் போறேன்: செட்டிநாட்டுச் சாலையில் லிஃப்ட் மறுப்பதும் கேட்பதும்

செட்டிநாட்டுப் பக்கம் ஒருவர் முதுகில் பையோடு ரோட்டோரம் நடந்து போனால், பார்க்கிறவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. பாவம், பஸ்ஸை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிக்கு நான் முதன்முதலாக நடந்த அன்று வழியில் 6 வண்டிகள் தாமாகவே நின்றன. ஒன்றைக்கூட நான் கை காட்டவில்லை. இரண்டு பைக், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், ஒரு ஷேர் ஆட்டோ, கடைசியாக ஒரு கார். முதல் ஐந்து பேரும் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ஆறாமவர் எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை வராமல் பார்த்துக்கொண்டேன்.

இந்தப் பக்கம் நடக்க வருகிறவர்களுக்கு முதல் சிக்கலே இதுதான். கேட்காமலே கிடைக்கிற உதவி அதிகம். வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாம் என்றால் மூன்று தடவை திருப்பிக் கேட்கிற ஊர்க்காரர்கள் நாம். ஒரேயடியாக வேண்டாம் என்பது மரியாதைக் குறைவு என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கூச்சத்திலேயே, மனசு வேண்டாம் என்று சொல்லும் வண்டியில் கால் ஏறிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி மறுப்பதைப் பற்றித்தான். லிஃப்ட் கேட்டு ஏறுவதைப் பின்னால் பார்க்கலாம்.

இங்கே நடக்க வருகிறவர்கள் பல வகை. நகரத்தாரின் ஒன்பது கோவில்களையும் (இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி) கால்நடையாகவே பார்க்கிறவர்கள் உண்டு. வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள், திருமயம் கோட்டை வரை நடக்கிறவர்கள், சும்மா கண்மாய்க்கரை பிடித்துப் போகிறவர்கள் என்று மற்றவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் சாலை ஒன்றுதான். நான் பெண். பெரும்பாலும் தனியாக நடக்கிறேன், அதனால் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். ஆண்களுக்கும் முக்கால் பங்கு அப்படியே பொருந்தும்.

கிளம்பும் முன்

ஏறக்கூடாத வண்டியில் நம்மை ஏற்றிவிடுவது இரண்டு: தாகம், இருட்டு. நாக்கு வறண்டு கிடக்கும்போது ஏசி போட்ட கார் வந்து நின்றால் யோசனை ஓடாது. பொழுது சாய்ந்து ஊர் வெளிச்சமே தெரியாத இடத்தில் ஒரு பைக் நின்றாலும் அப்படித்தான். பாதுகாப்பு என்றவுடன் மிளகுப்பொடியைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலைத் தேட வேண்டும்.

இது செம்மண் பூமி. சித்திரை, வைகாசியில் காலை 10 மணிக்கே தார் ரோடு அனல் கக்கும். சீமைக்கருவேலங்காட்டில் நிழல் என்று ஒன்றும் கிடைக்காது. தை, மாசி நடக்க நல்ல காலம். எந்த மாதமானாலும் விடிகிற வெளிச்சத்தில் கிளம்பி, 11 மணிக்குள் ஒரு ஊரில் போய் உட்கார்ந்துவிடுங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் சுமப்பது கனம்தான், ஆனாலும் சுமங்கள். மாலையில் நடப்பதாக இருந்தால் 5 மணிக்கு எந்த ஊரில் இருப்போம் என்று காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். 6 மணிக்கு மேல் நான் லிஃப்ட் கேட்பதும் இல்லை, கொடுத்தால் வாங்குவதும் இல்லை. இதற்கு விதிவிலக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் எல்லா நாளும் விதிவிலக்காகிவிடும்.

அப்புறம் பஸ். நீங்கள் நடக்கப் போகிற சாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலோ, போகிற வழியில் ஒரு கண்டக்டரிடமோ கேட்டு எழுதி வையுங்கள். போனில் பார்த்த நேரத்தைவிட டீக்கடைக்காரர் சொல்லும் நேரத்தை நம்பலாம். மினி பஸ்கள் பல இடத்தில் கை காட்டினாலே நிற்கும். தமிழக அரசின் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் ‘காசை மிச்சம் பிடிக்க லிஃப்ட்’ என்ற காரணம் நமக்கு இல்லவே இல்லை. பஸ் இருக்கிற தைரியம் இருந்தால் வேண்டாம் என்று சொல்வதற்குக் குரல் நடுங்காது.

போனில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஊர் வரைபடத்தை இணையம் இல்லாமலும் தெரிகிற மாதிரி இறக்கி வையுங்கள். நடக்கும் நேரம் முழுக்க உங்கள் இருப்பிடம் வீட்டில் ஒருவருக்குத் தெரியும்படி பகிர்ந்து வையுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ஆம்புலன்ஸுக்கு 108. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் ஒரே அழுத்தில் போலீசுக்குத் தகவல் போகும். பல போன்களில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினால் அவசர அழைப்பு போய்விடும். உங்கள் போனில் எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ரோட்டில் நின்று ஆராய்ச்சி செய்ய முடியாது.

வலது ஓரம்

நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும். பாதுகாப்பு அதுதான். நம் ஆட்களில் பாதிப் பேர் இடது ஓரமாக நடந்து பழகியவர்கள். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதுகுக்குப் பின்னால் வருகிற லாரியிடமிருந்து தப்பிப்பது ஒரு லாபம். லிஃப்ட் விஷயத்தில் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் போகிற திசையில் போகும் வண்டிகள் எல்லாம் சாலையின் அந்தப் பக்கம் போகும். உங்களை ஏற்ற வேண்டும் என்றால் அவர் ரோட்டைக் குறுக்கே வெட்டி வர வேண்டும், அல்லது அந்தப் பக்கமே நின்று கூவ வேண்டும். போகிற போக்கில் பிரேக் போடுகிறவர்களில் பலரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். சிரமப்பட்டு வருகிறவர் ஒன்று ரொம்ப நல்லவர், இல்லையென்றால் கவனிக்க வேண்டியவர். நான் வலது ஓரத்துக்கு மாறிய பிறகு தாமாக நிற்கும் வண்டிகள் பாதியாகக் குறைந்தன. லிஃப்ட் வேண்டும் என்றால் மட்டும் இடது பக்கம் வந்து நிற்பேன்.

நாய்களுக்கு ஒரு குச்சி போதும். அதை விவரிக்கப் போவதில்லை.

எப்படி மறுப்பது

வண்டி பக்கத்தில் வந்து மெதுவாகிறது. ‘எங்கிட்டு போறீக, ஏறுங்க’ என்கிறார். இப்போது செய்ய வேண்டிய முதல் காரியம், நிற்காமல் நடப்பது. நடையை நிறுத்தினால் பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள். முகத்தைத் திருப்பி, சிரித்து, கையை ஒரு தடவை அசைத்து, ‘இல்லண்ணே, நடந்துதான் போறேன்’ என்று சொல்லிக்கொண்டே நடந்துகொண்டிருங்கள். பத்தில் எட்டு வண்டி இந்த இடத்திலேயே போய்விடும்.

சொல்லும் சொல்லில் கவனம் வேண்டும். ‘பரவால்லண்ணே’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். ‘இருக்கட்டும்ணே’யும் கூடாது. நம் பேச்சில் இவை இரண்டுக்கும் ‘வெட்கமாக இருக்கிறது, இன்னொரு தடவை கேளுங்கள்’ என்றுதான் அர்த்தம். சாப்பாட்டு இலையில் கையை மறைத்து ‘இருக்கட்டும் இருக்கட்டும்’ என்றால் சோறு விழுகிற மாதிரி, ரோட்டில் பரவாயில்லை என்றால் கதவு திறக்கும். ‘இல்லை’, ‘வேண்டாம்’ இரண்டில் ஒன்று முதல் சொல்லாக வரட்டும். நன்றி வேண்டுமானால் கடைசியில் வரட்டும்.

காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு தீர்வு கண்டுபிடிக்கிறதுதான் நம் ஆட்களுக்கு வேலை. ‘பக்கத்துலதான் போறேன்’ என்றால், ‘பக்கத்துலதானே, விட்டுட்டுப் போறேன்’ என்பார். ‘பை பெருசா இருக்கு’ என்றால் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்பார். ‘ஆள் வருவாங்க’ என்றால் அவரும் கூட நின்று காத்திருப்பார். ஒருவர் அப்படி என்னோடு இல்லாத தோழிக்காகப் புளியமரத்தடியில் கால் மணி நேரம் காத்திருந்தார். நல்ல மனிதர்தான். கடைசியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

யாராலும் தீர்க்க முடியாத காரணம் ஒன்றே ஒன்று உண்டு: ‘இன்னைக்கு நடையாவே போறதுன்னு இருக்கேன்.’ பழனிக்குத் தைப்பூசத்துக்குக் காவடியோடு தலைமுறை தலைமுறையாக நடந்து போகிற மண் இது. நடையாகப் போகிறேன் என்றால் வேண்டுதல் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். அப்புறம் வற்புறுத்த மாட்டார்கள். வேண்டுதல் செய்தவரை வண்டியில் ஏற்றிவிட்ட பாவம் தமக்கு வந்துவிடக் கூடாது அல்லவா. நீங்களாக ‘முருகனுக்கு நேர்ந்திருக்கேன்’ என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. நடையாகப் போவதென்று முடிவு செய்ததைச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

அழைப்புச் சொல்லும் வேலை செய்யும். பெரியவர் என்றால் ‘ஐயா’, நடுவயது என்றால் ‘அண்ணே’. நம்மைவிடச் சின்னப் பையன்களாக இருந்தால் தயங்காமல் ‘தம்பி’. தம்பி என்ற ஒரு சொல்லில் அக்கா என்ற இடத்தில் போய் நாம் உட்கார்ந்துவிடுகிறோம், அந்த இடத்திலிருந்து மறுப்பது சுலபம். ‘சார்’ வேண்டாம். சார் என்றால் ஏதோ கேட்டு நிற்பது போல ஆகிவிடும். பெண்கள் ஓட்டி வந்து கேட்டால் ‘இல்லக்கா’, வயதான நகரத்தார் வீட்டு அம்மா காரை நிறுத்தினால் ‘இல்ல ஆச்சி’. ஆச்சிகள் சும்மா விட மாட்டார்கள், தண்ணீராவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மூடி உடைக்காத பாட்டில் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எந்த ஊரு?’, ‘யாரு வீட்டுப் பிள்ளை?’ இரண்டும் இங்கே வணக்கத்துக்குச் சமம். வெளியூர்க்காரர்கள் இதில் மிரண்டுவிடுகிறார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், தப்பில்லை. ‘தனியாவா வந்தீக?’ என்பதற்கு ‘இல்லண்ணே, பின்னாடி வந்துக்கிட்டிருக்காக’. ‘எங்க தங்கியிருக்கீக?’ என்பதற்கு ‘சொந்தக்காரக வீட்ல’. லாட்ஜ் பெயரையோ தெருவையோ ரோட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டு பொய்யையும் நான் கூசாமல் சொல்கிறேன்.

அந்த முதல் நாள் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்த பெரியவருக்கு 70 வயது இருக்கும். இரண்டு தடவை வேண்டாம் என்றேன். சரி என்று வண்டியை அணைத்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே என்னோடு அரை கிலோமீட்டர் நடந்தார். அவருடைய அப்பா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்த கதையைச் சொன்னார். அவருடைய வயல் வந்ததும் போய்விட்டார். வண்டியை விட்டு ஒருவர் இறங்கி நம்மோடு நடப்பதில் பயப்பட ஒன்றுமில்லை, பகலில், ஆள் நடமாட்டம் உள்ள ரோட்டில் என்றால்.

இரண்டாவது வேண்டாம்

நல்லவரும் ஒரு தடவை வற்புறுத்துவார். அது பழக்கம். அதனால் முதல் வேண்டாமை வைத்து ஆளை எடை போட முடியாது. இரண்டாவது வேண்டாமுக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நல்ல மனசோடு கேட்டவர் ‘பாத்துப் போங்க’ என்று சொல்லிவிட்டு கியரைப் போடுவார். கொஞ்சம் கோபப்பட்டுக்கூடப் போகலாம். ஒரு இளைஞர் என்னிடம், ‘இந்தக் காலத்துல உதவி செய்யணும்னு நெனக்கிறதே தப்பு’ என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். போகட்டும். கோபத்தோடு போகிறவரால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. இரண்டு தடவை சொன்ன பிறகும் போகாமல் நிற்கிறவரிடமிருந்துதான் விலக வேண்டும், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. எங்கே போகிறீர்கள் என்று கேட்கும் முன்பே தனியாகவா என்று கேட்பது. உங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவது. முன்னால் போய் ஓரம் கட்டிக் காத்திருப்பது. நீங்கள் எந்த ஊரைச் சொன்னாலும் ‘அங்கதான் போறேன்’ என்பது. உதவி என்று பையில் கை வைப்பது. காருக்குள் மூன்று நான்கு ஆண்கள், பேசுகிறவர் ஒருவர், மற்றவர்கள் சிரிக்காமல் பார்ப்பது. இதில் ஒன்று இருந்தாலே இரண்டாவது வேண்டாமுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்படி ஒருவர் வாய்த்தால் முதலில் வண்டியிலிருந்து இரண்டு கை தூரம் விலகுங்கள், கதவுக்கு நேராக நிற்காதீர்கள். அப்புறம் வண்டியின் மூக்கு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நடங்கள். வந்த வழியே திரும்பி நடப்பது அவமானம் இல்லை. கார் திரும்ப நேரம் ஆகும், ரோடு குறுகல் என்றால் இன்னும் ஆகும். போனை எடுத்து நம்பர் பிளேட்டை ஒளிக்காமல் படம் எடுத்து, சத்தமாகப் பேசுங்கள்: ‘டிஎன் 63, வெள்ளைக் காரு, ஆத்தங்குடி ரோட்ல நிக்குது.’ மறுமுனையில் ஆள் இல்லாவிட்டாலும் பேசுங்கள், பிறகு உண்மையிலேயே ஒருவரைக் கூப்பிடுங்கள். எதிரே பஸ்ஸோ டிராக்டரோ வந்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடலாம். ஆறாவதாக வந்த அந்தக் காரை நான் வைக்கோல் டிராக்டர்காரரை நிறுத்தித்தான் அனுப்பினேன். முதலில் எனக்கு லிஃப்ட் கொடுக்கக் கேட்ட அதே மனிதர், வைக்கோலை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

ஊருக்குள் இப்படி நேர்ந்தால் எந்தத் தெருவுக்குள் நுழைவது என்பது இங்கே முக்கியம். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்கட்டு முடிகிற வீடு. இரண்டு வீட்டுக்கு இடைப்பட்ட சந்தில் நீளத்துக்கும் சுவர்தான். கதவு இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும். பல வீடுகளில் ஆளே இல்லை, கல்யாணம் காட்சிக்குத்தான் திறப்பார்கள். அழகாக இருக்கிறது என்று அந்தச் சந்துக்குள் ஒதுங்கினால் ஓடுவதற்கு இடம் கிடைக்காது. கோவில் வாசல், ஊருணிப் படித்துறை, ரேஷன் கடை, டீக்கடை என்று ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ‘ஐயா, இந்த வண்டி பின்னாடியே வருது’ என்று ஒரு வரி சொன்னால் போதும். கேட்காமலே உதவி செய்கிற ஊர் என்று மேலே சொன்னேனே, அது இந்த நேரத்துக்குத்தான்.

கெட்டவர்கள் இல்லாவிட்டாலும் தொல்லை தருகிற இன்னொரு வகை உண்டு. ‘சும்மா ஏறுங்க, பழைய சாமான் கடை காட்டுறேன், டைல்ஸ் போடற எடம் காட்டுறேன்’ என்பவர்கள். கமிஷனுக்காக வருகிறவர்கள், ஆபத்தில்லை. ‘பாத்தாச்சுண்ணே’ என்றால் விட்டுவிடுவார்கள்.

கேட்டு ஏற வேண்டி வந்தால்

கால் பிசகிவிடும், மழை பிடித்துக்கொள்ளும், பஸ் வராது. அப்போது லிஃப்ட் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் நடுரோட்டில் நின்று முகம் தெரியாத வண்டியைக் கை காட்டுவதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். முதல் வழி டீக்கடை. ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, ‘அண்ணே, காரைக்குடிப் பக்கம் யாராச்சும் போறாகளா?’ என்று டீ மாஸ்டரிடம் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் அவர் ஒருவரைப் பிடித்துத் தருவார். அவரை அந்த ஊருக்கே தெரியும், அவர் உங்களை ஏற்றிப் போவதை நாலு பேர் பார்த்திருப்பார்கள். இதைவிட நல்ல காப்பீடு கிடையாது. கேட்பது நாம், ஆளைத் தேர்ந்தெடுப்பது ஊர்.

டீக்கடை இல்லையென்றால் பஸ் ஸ்டாப், ரயில்வே கேட், பெட்ரோல் பங்க். வண்டி நிற்கவும் இடம் வேண்டும், நம்மைத் தூரத்திலிருந்தே பார்க்கவும் முடிய வேண்டும். வளைவில் நிற்காதீர்கள். கட்டைவிரலை நீட்டுவதெல்லாம் கல்லூரிப் பையன்கள் வழக்கம், பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து மெல்ல அசைத்தால் நிற்பார்கள். குடும்பமாக வருகிற கார், பெண் ஓட்டுகிற ஸ்கூட்டர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி தோன்றும் பைக், இவற்றுக்குத்தான் நான் கை நீட்டுவேன்.

நின்றதும் நீங்கள் போகும் ஊரைச் சொல்லாதீர்கள். ‘எங்க போறீங்கண்ணே?’ என்று முதலில் நீங்கள் கேளுங்கள். அவர் தேவகோட்டை என்றால், பேச்சும் ஆளும் பிடிக்காவிட்டால், ‘ஐயோ, நான் குன்றக்குடி போகணும்’ என்று சிக்கலில்லாமல் கழன்றுகொள்ளலாம். நீங்கள் முதலில் ஊரைச் சொல்லிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

அவர் பதில் சொல்லும் நேரத்தில் மூக்கும் கண்ணும் வேலை செய்யட்டும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. அதற்கு மேல் யார் வண்டியில் ஏறினாலும் ஒரு அடி கிட்டே போய்ப் பேசிப் பாருங்கள். வாடை அடித்தால் ‘வேண்டாம்ணே’ என்ற ஒரே சொல்தான், கண் சிவந்திருந்தாலும் அதே. ஏற்கனவே இரண்டு பேர் உள்ள பைக்கில் மூன்றாவதாக ஏறக் கூடாது. அது குற்றமும்கூட. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். லிஃப்ட் கொடுப்பவரிடம் இன்னொன்று இருக்காது என்பதால், நீளத் தூரம் பைக்கில் போவதைத் தவிர்ப்பதே நல்லது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், சக்கரத்தில் சிக்கி நடக்கிற விபத்து கொடுமையானது.

குட்டியானை, டிப்பர், டிராக்டர் டிரெய்லர் இவற்றின் பின்னால் ஏறாதீர்கள். ஓட்டுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. சரக்கு வண்டியில் ஓசியில் ஏறியவருக்கு விபத்து நடந்தால் அந்த வண்டியின் காப்பீட்டிலிருந்து பணம் கிடைப்பது பெரும்பாடு. நம்பர் பிளேட்டையும் பாருங்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி, அவர் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. மஞ்சள் பலகை என்றால் வாடகை வண்டி, ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். டிஎன் 63 சிவகங்கை மாவட்டம், டிஎன் 55 புதுக்கோட்டை. செட்டிநாடு இந்த இரண்டு மாவட்டத்திலும் கிடக்கிறது, அதனால் இரண்டும் உள்ளூர் வண்டிகள்தான். வெளி மாவட்ட எண் என்பதற்காகப் பயப்பட வேண்டாம், குறித்துக்கொண்டால் போதும். எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள், ஏறிவிட்டு அனுப்பாதீர்கள்.

காரில் தனியாக ஏறினால் எங்கே உட்காருவது என்று பலர் கேட்பதுண்டு. பின்சீட்டு மரியாதை என்று தோன்றும். ஆனால் பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்கவே முடியாது. ஏறிக் கதவைச் சாத்தியதும் ‘சரியா சாத்தலையோ’ என்று ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள். திறக்காவிட்டால், வண்டி நகரும் முன்பே முன்சீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள், அல்லது இறங்கிவிடுங்கள்.

பை மடியில். எந்தக் காலத்திலும் டிக்கியில் வைக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு தடவை கோவிலூர் பக்கம் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒருவர் காரில் ஏற்றிக்கொண்டார். நனைந்த பையை டிக்கியில் வைக்கலாம் என்றார், வைத்தேன். மரியாதையான மனிதர், வழி முழுக்க நல்ல பேச்சு. நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, நிறுத்தவில்லை. ‘ரெண்டே நிமிஷம், நாங்க பிளாட் போட்டிருக்கோம், பாத்துட்டுப் போயிரலாம்’ என்றார். பிளாட்டு, கல் நட்ட எல்லை, வரப்போகிற ரோடு, தவணைத் திட்டம் எல்லாம் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இறங்கி ஓடிவிடலாம், என் துணி, பணம், சார்ஜர் எல்லாம் டிக்கியில் இருக்கிறதே. அவருடைய நோக்கம் வெறும் வியாபாரம் என்பது என் அதிர்ஷ்டம். பை மடியில் இருந்திருந்தால் முதல் வேகத்தடையிலேயே இறங்கியிருப்பேன்.

வண்டிக்குள்

வண்டி கிளம்பியதும் ஒரு போன். ‘ஏறிட்டேன், அண்ணன் ஒருத்தர் வண்டியில வர்றேன், அரை மணி நேரத்துல பஸ் ஸ்டாண்டு.’ இதை ஓட்டுகிறவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும், குற்றம் சாட்டுகிற தொனியில்லாமல். நல்லவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டிலும் பெண் பிள்ளை இருக்கும். வரைபடம் உங்கள் மடியில் திறந்தே இருக்கட்டும்.

‘குறுக்கு வழியா போயிரலாம்’ என்ற பேச்சு வந்தால், கண்மாய்க்கரைப் பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும், ‘இல்லண்ணே, மெயின் ரோட்லயே போங்க, அங்க நமக்கு ஆள் நிக்குது’ என்று உடனே சொல்லுங்கள். திரும்பிய பிறகு சொல்வதைவிடத் திரும்பும் முன் சொல்வது மேல்.

பிடிக்காமல் போய்விட்டது, இறங்க வேண்டும். காரணத்தை யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். ‘அண்ணே, அந்தக் கடையில நிப்பாட்டுங்க, எறங்கிக்கிறேன்’ என்று அடுத்து வரும் கடையைக் காட்டிச் சொல்லுங்கள். நிறுத்தவில்லை என்றால் ‘வாந்தி வருது’ என்று கையை வாயில் வையுங்கள். சொந்த சீட் மேல் ஆசை இல்லாத டிரைவர் உலகத்தில் கிடையாது. பைக் என்றால் ‘போன் விழுந்துருச்சுண்ணே!’ என்று கத்துங்கள். அவர் பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் தரையில் நிற்க வேண்டும். இதற்கும் அசையவில்லை என்றால் நாடகத்தை விட்டுவிட்டு 112 தான். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்காதீர்கள். நம் ஊர்களில் ஒவ்வொரு ஊர் முகப்பிலும் வேகத்தடை உண்டு, அங்கே எந்த வண்டியும் ஊர்ந்துதான் ஏறும். கதவைத் திறக்கவும் கத்தவும் அதுதான் இடம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால், அதுதான் பெரும்பாலும் நடக்கும், தங்கும் இடத்து வாசலில் இறங்காதீர்கள். பஸ் ஸ்டாண்டிலோ கோவில் முன்போ இறங்கி, வண்டி போனதும் நடங்கள். காசு கொடுத்தால் சிலருக்கு வருத்தம் வரும். ‘ஒரு டீ சாப்பிட்டுப் போங்கண்ணே’ என்று கேட்டால் யாரும் வருந்த மாட்டார்கள். இறங்கியாச்சு என்று வீட்டுக்குச் சொல்ல மறந்துவிடாதீர்கள். நான் மறந்த ஒரு நாள் என் அக்கா போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விட்டாள்.

சின்ன ஊர்கள் என்பதால் காலையில் யாரை வேண்டாம் என்று அனுப்பினீர்களோ அவரே மாலையில் அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள். நீங்களே போய், ‘வந்து சேந்துட்டேன்ணே’ என்று சொல்லுங்கள். காலையில் கொஞ்சம் முகம் சுண்டிப் போனவராக இருந்தாலும் உங்கள் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டு, ‘நாளைக்கு எங்கிட்டு ஆத்தா?’ என்று கேட்பார், கடையில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

‘இன்னும் முடிவு பண்ணலண்ணே.’